‘தி நைட் ஆஃப்’ தொடரில் நாஸ் குற்றவாளியா, இல்லையா?

கேள்வி இது: “எச்.பி.ஓ.வின் ‘தி நைட் ஆஃப்’ எட்டுப் பகுதிகளையும் பார்த்து முடித்தேன். கொலை செய்தது யார் என்று கடைசிவரை அடித்துச் சொல்லவே இல்லை. ஜூரி பாதிக்குப் பாதி பிரிந்ததும் பையனை விட்டுவிடுகிறார்கள். இது எப்படி ஒரு முடிவாகும்? அமெரிக்காவில் நிஜமாகவே இப்படித்தான் நடக்குமா? இதே கதையை இந்தியில் ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ என்று எடுத்தார்களே, அதில் வழக்கு ஏன் வேறு மாதிரி போகிறது?”

கதை முழுவதையும் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் நேரான பதில். கொலையாளி யார் என்பதைத் தொடர் ஏறக்குறைய சொல்லிவிடுகிறது. கொல்லப்பட்ட ஆண்ட்ரியாவின் பணத்தைக் கவனித்துக்கொண்ட நிதி ஆலோசகர் ரே ஹாலேவை நோக்கித்தான் கடைசிப் பகுதி கைகாட்டுகிறது. கையாடல் செய்த பணம், சூதாட்டம், அன்றிரவு தெருவில் அவளோடு நடந்த வாக்குவாதம் பதிவான கேமரா காட்சி எல்லாம் துப்பறியும் அதிகாரி பாக்ஸின் கையில் இருக்கின்றன. ஆனால் இவை எதுவும் ஜூரியின், அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவின், முன் போகவில்லை. நமக்குத் தெரிந்தது நீதிமன்றத்துக்குத் தெரியாமலே வழக்கு முடிகிறது. நீங்கள் குறையாகச் சொல்வது அதைத்தான். அந்த முடிவுதான் தொடரின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்ல முதல் இரவுக்குப் போக வேண்டும். நாஸ் என்கிற நாசிர் கான், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த பாகிஸ்தானியக் குடும்பத்துப் பையன், கல்லூரி மாணவன். ஒரு பார்ட்டிக்குப் போக அப்பாவின் டாக்ஸியைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். வண்டியில் ஒரு பெண் ஏறுகிறாள். அவள் வீட்டுக்குப் போகிறார்கள். போதை மருந்து, கத்தியை வைத்து ஒரு விளையாட்டு. விழித்துப் பார்த்தால் அவள் குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கிறாள், இவனுக்கு எதுவும் நினைவில்லை. பயத்தில் வெளியே ஓடுகிறான். கார் சாவி உள்ளே. கதவுக் கண்ணாடியை உடைத்து மறுபடி உள்ளே போகிறான், கையில் வெட்டுக்காயம். திரும்பி வரும்போது கத்தியையும் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறான்.

அதன் பிறகு நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். அவனைப் போலீஸ் பிடிப்பது கொலைக்காக அல்ல. வண்டியைத் தவறாகத் திருப்பியதற்காக. ரோந்து வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்திருக்கும்போது கொலை நடந்த வீட்டுக்கு அழைப்பு வருகிறது. அதே போலீஸ்காரர்கள் அவனையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு அங்கே போகிறார்கள். தான் ஓடிவந்த வீட்டு வாசலில், பின்சீட்டில், அவன் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் ஸ்டேஷன். அங்கேயும் யாரும் அவனைக் கண்டுகொள்வதில்லை. எழுந்து போய்விடலாமா என்று நமக்கே தோன்றும் அளவுக்கு நேரம் போகிறது. கடைசியில் உடம்பைச் சோதிக்கும்போது கத்தி கிடைக்கிறது. முதல் பகுதி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, அதில் பெரும்பங்கு காத்திருப்பதுதான். திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் பிரைஸும் ஸ்டீவன் ஜெய்லியனும் இதை வேண்டுமென்றே இழுத்திருக்கிறார்கள். ஒரு மனிதன் குற்றவாளியாக மாறுவது ஒரே நொடியில் நடப்பதில்லை. படிவம் படிவமாக, கையெழுத்துக் கையெழுத்தாக நடக்கிறது.

இங்கே ஜான் ஸ்டோன் வருகிறார். ரயிலில் விளம்பரம் ஒட்டி, சின்னச் சின்ன வழக்குகளைப் பிடித்து, பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைத்து முடித்துக் கொடுக்கும் வக்கீல். காலெல்லாம் எக்ஸிமா என்ற தோல்நோய், செருப்புப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிறார். வேறு வேலையாக ஸ்டேஷனுக்கு வந்தவர் கம்பிக்குள் இருக்கும் பையனைப் பார்க்கிறார். அவர் முதலில் சொல்வது, யாரிடமும் எதுவும் பேசாதே என்பதுதான். என்ன நடந்தது என்று நாஸ் சொல்ல வரும்போது அதையும் தடுக்கிறார். உண்மை அவருக்கு வேண்டாம். எதிர்த்தரப்பு தன் கதையைச் சொல்லட்டும், அதற்கேற்ப நம் கதையை அமைக்கலாம் என்பது அவருடைய தொழில்முறை. இது வக்கீலின் கயமை என்று பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1966-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிராண்டா வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, காவலில் வைத்து விசாரிக்கும் முன் ‘நீ பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்’ என்று போலீஸ் சொல்லியாக வேண்டும். ஆனால் உரிமையைச் சொல்வது வேறு, பயந்துபோன பையன் அதைப் பயன்படுத்துவது வேறு. பாக்ஸ் அவனிடம் குரலை உயர்த்துவதே இல்லை. அவனுடைய ஆஸ்துமா இன்ஹேலரைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பெற்றோரைப் பார்க்க அனுமதிக்கிறார். அவர்கள் பேசுவதை வேறொரு அறையிலிருந்து பார்த்துக்கொண்டும் இருக்கிறார். அந்தக் கனிவுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய தொடர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இந்தக் கதையின் மூலம் அமெரிக்காவில் இல்லை. 2008-ல் பிபிசி ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ என்ற பெயரில் ஐந்து பகுதிகளாக, ஐந்து இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பியது. எழுதியவர் பீட்டர் மொஃபட், முன்னாள் பாரிஸ்டர். பென் விஷா அந்தப் பையன். அங்கேயும் அப்பாவின் டாக்ஸி, தோல்நோயோடு திரியும் ஸ்டோன், பேசாதே என்ற அறிவுரை. ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில் அந்த அறிவுரைக்கு விலை உண்டு. போலீஸ் கேட்டபோது சொல்லாமல் விட்டதைப் பிறகு நீதிமன்றத்தில் சொன்னால், ஏன் அன்றே சொல்லவில்லை என்று ஜூரி சந்தேகப்படலாம் என 1994-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் மௌனத்துக்கு இருக்கும் முழுப் பாதுகாப்பு லண்டனில் இல்லை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி: நிஜமாகவே இப்படித்தான் நடக்குமா? என்னைக் கேட்டால் நான்காம் பகுதியை மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்வேன். அலிசன் குரோ என்ற பெரிய வக்கீல், விளம்பரத்துக்காகவே கட்டணம் வாங்காமல் வழக்கை எடுத்துக்கொண்டு, அரசுத் தரப்போடு பேரம் பேசி முடிக்கிறார். கொலைக்குப் பதிலாக அதற்கும் குறைந்த ஆட்கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் 15 ஆண்டு. விசாரணைக்குப் போய்த் தோற்றால் ஆயுள் வரை போகலாம். எல்லோரும் இது நல்ல பேரம் என்கிறார்கள். நாஸும் தலையாட்டிவிட்டுத்தான் வருகிறான். ஆனால் நியூயார்க்கில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. என்ன செய்தாய், எப்படிச் செய்தாய் என்று நீதிபதி கேட்பார், குற்றவாளி தன் வாயால் சொல்ல வேண்டும். அங்கேதான் நாஸ் நின்றுவிடுகிறான். செய்ததாக நினைவில்லாத ஒன்றை எப்படிச் செய்தேன் என்று அவனால் சொல்ல முடியவில்லை. பேரம் உடைகிறது. குரோ கோபத்தோடு வழக்கைக் கைவிட்டுப் போகிறார். அவருடைய அலுவலகத்தின் இளம் வக்கீல் சந்திரா மட்டும் கூட நிற்கிறார்.

இது நாடகத்துக்காகச் சேர்த்த காட்சி அல்ல. 2012-ல் மிஸோரி மாநிலத்துக்கும் ஃப்ரைக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டிய கணக்கு: மாநில நீதிமன்றங்களில் குற்றத் தீர்ப்புகளில் 94 சதவீதமும், கூட்டாட்சி நீதிமன்றங்களில் 97 சதவீதமும் இப்படி ஒப்புக்கொண்டு முடிந்தவை. சாட்சி, குறுக்கு விசாரணை, ஜூரி என்று நாம் திரையில் பார்ப்பதெல்லாம் மீதியிருக்கும் சின்னப் பங்குதான். குற்றமற்றவன் என்று சொல்லிக்கொண்டே தண்டனையை ஏற்றுக்கொள்ளவும் வழி இருக்கிறது. 1970-ல் ஆல்ஃபர்ட் வழக்கில் அதை அனுமதித்தார்கள். ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்பது நீதிபதியின் விருப்பம். நாஸ் பொய் சொல்லியிருந்தால் அவனுக்கு லாபம். உண்மைக்கு மிக அருகில் இருந்த வார்த்தை ‘எனக்குத் தெரியாது’ என்பதுதான், அந்த வார்த்தைக்கு இந்த அமைப்பில் இடமே இல்லை. பின்னால் சாட்சிக் கூண்டில் ஏறும்போது அரசு வக்கீல் ஹெலன் வைஸ் நேராகக் கேட்கிறார், அவளைக் கொன்றாயா என்று. அவன் சொல்வது அதே பதில்: தெரியாது. வைஸுக்கு அது பரிசு. நமக்கு, அந்த அறையிலேயே நேர்மையான பதில் அதுதான்.

பேரத்தை மறுத்தவன் எங்கே காத்திருப்பான்? நியூயார்க் நகரத்தின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்ல, விசாரணைக்காகக் காத்திருப்பவர்கள். காலீஃப் பிரவுடர் என்ற 16 வயதுப் பையனை ஒரு முதுகுப்பையைத் திருடியதாக 2010-ல் பிடித்தார்கள். ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்றபோது மறுத்தான். சுமார் மூன்று வருஷம் விசாரணையே இல்லாமல், அதில் பெரும்பகுதி தனிமைச் சிறையில். 2013-ல் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். 2015-ல் அவன் தற்கொலை செய்துகொண்டான். ஒரு கொலை வழக்கு சில மாதங்களில் விசாரணைக்கு வந்துவிடுவதாகத் தொடர் காட்டுவதுதான் மிகை. நிஜத்தில் இதைவிட நீளும். ஃப்ரெடி என்ற கைதி அங்கே ராஜா போல வாழ்வதும் கொஞ்சம் சினிமாத்தனம்தான். ஃப்ரெடியாக நடிக்கும் மைக்கேல் கே. வில்லியம்ஸ் அதை நம்பவைத்துவிடுகிறார்.

பலரும் கவனிக்காமல் விடுவது டாக்ஸியை. அந்த வண்டி நாஸின் அப்பா சலீமுக்கு மட்டும் சொந்தமில்லை. இன்னும் இரண்டு பேர் பங்காளிகள். வண்டி சான்றுப் பொருளாகப் போலீஸ் வசம் போய்விட்டது. மூன்று குடும்பங்களின் பிழைப்பு அதில். வண்டியை மீட்க வேண்டுமானால் ஒரு வழி: நாஸ் வண்டியைத் திருடினான் என்று புகார் கொடுக்க வேண்டும். கூட்டாளிகள் சலீமிடம் வந்து தயங்கித் தயங்கி இதைச் சொல்லும் காட்சியில் யாருமே கெட்டவர்கள் இல்லை. பிறகு சலீம் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போகிறார். அம்மா சஃபாராக நடிப்பவர் பூர்ணா ஜெகந்நாதன். விசாரணை நடக்க நடக்க மகன் மீதே அவளுக்குச் சந்தேகம் வருகிறது. அரசுத் தரப்பு விரித்துக்காட்டும் படங்களைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறாள். தீர்ப்பு வருவதற்குள் ஒரு குடும்பத்துக்குத் தண்டனை நிறைவேறிவிடுகிறது. இதற்கு மேல்முறையீடு எங்கேயும் இல்லை.

நாஸுமே பழைய நாஸ் இல்லை. மொட்டைத் தலை, விரல்களில் பச்சை, போதைப் பழக்கம். ஃப்ரெடியின் பாதுகாப்புக்காக அவன் செய்யும் காரியங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டவன் என்ற பழைய கதையும் வெளியே வருகிறது. அவனை வெள்ளை மனசுக்காரனாகக் காட்டி நம் அனுதாபத்தைச் சுலபமாக வாங்க மறுக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் பெரிதும் மதிக்கிறேன். நாஸாக நடித்த ரிஸ் அகமதுக்கு 2017-ல் எம்மி விருது கிடைத்தது இந்த மாற்றத்துக்குத்தான் என்று சொல்லலாம். முதல் பகுதியின் கண்களும் கடைசிப் பகுதியின் கண்களும் ஒரே ஆளுடையவை என்று நம்புவது கடினம்.

இப்போது அந்த 6–6. நியூயார்க்கில் கொலை வழக்கில் 12 ஜூரர்களும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் விசாரணை செல்லாது, அவ்வளவுதான். அது விடுதலைத் தீர்ப்பு கிடையாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு இங்கே பொருந்தாது. அரசு விரும்பினால் புது ஜூரியோடு மறுபடி ஆரம்பிக்கலாம். வைஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். ஏன்? பாக்ஸ் ஹாலேவைப் பற்றிய ஆதாரங்களோடு முன்பே அவரிடம் வந்திருந்தார். அப்போது அவர், பையனுக்கு எதிராகத்தான் நம்மிடம் அதிகம் இருக்கிறது என்று ஒதுக்கினார். தன் கடைசி வாதத்தின்போது பாக்ஸ் எழுந்து வெளியே போவதைப் பார்க்கிறார், பேச்சு தடுமாறுகிறது. வைஸ் கெட்டவர் அல்ல, பொய் சொல்பவரும் அல்ல. நாஸின் கையிலிருந்த காயம் கண்ணாடியால் வந்ததா, கத்தி வழுக்கியதா என்ற கேள்வியில் மருத்துவரைத் தனக்கு வேண்டிய பதிலை நோக்கி மெல்ல நகர்த்தும் காட்சி ஒன்று உண்டு. அதிலும் அவர் சட்டத்தை மீறுவதில்லை. வழக்கை ஜெயிப்பது அவர் வேலை, அதைச் செய்கிறார். ஸ்டோனின் வேலை சந்தேகத்தைக் கிளப்புவது. ஜூரியின் வேலை முன்னால் வைத்ததை எடைபோடுவது. என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை யாருக்கும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் பாக்ஸ் அதைச் செய்கிறார், யாரும் கேட்காமல்.

குறை இல்லாமல் இல்லை. சந்திரா நாஸை முத்தமிடுவதும், அவனுக்காகப் போதை மருந்தைச் சிறைக்குள் கடத்துவதும் அதுவரை கட்டிய பாத்திரத்துக்குச் செய்த துரோகம். சந்திராவாக அமாரா கரண் நன்றாக நடித்திருக்கிறார். எழுத்து அவரைக் கைவிட்டது. ஸ்டோனைக் கடைசி வாதத்துக்கு எழுப்ப வேண்டும் என்பதற்காக ஒரு பெண் வக்கீலைக் கீழே தள்ளியிருக்கிறார்கள். உடம்பெல்லாம் எக்ஸிமா வெடித்த நிலையில், ஸ்டோனாக நடிக்கும் ஜான் டர்டூரோ பேசும் அந்த வாதம் அபாரம்தான். இருந்தாலும் அதற்கு இந்த விலை வேண்டியதில்லை.

ஸ்டோனாக நடிக்க வேண்டியவர் முதலில் ஜேம்ஸ் காண்டல்ஃபீனி. முதல் பகுதியை எடுத்துவிட்டு 2013-ல் இறந்துபோனார். தயாரிப்பாளர்களில் ஒருவராக அவர் பெயர் அப்படியே இருக்கிறது.

இந்திக்கு வருவோம். 2019-ல் ஹாட்ஸ்டாரில் வந்தது, பத்துப் பகுதிகள், மும்பையில் நடக்கிறது. விக்ராந்த் மாஸே ஆதித்யா, பங்கஜ் திரிபாதி வக்கீல் மாதவ் மிஸ்ரா. கதை ஒன்றுதான். வழக்கு வேறு மாதிரி போவதற்குக் காரணம் சட்டம். நீங்கள் பார்த்த நான்காம் பகுதியின் பேரம் இந்தியாவில் நடக்கவே முடியாது. குற்றப் பேரம் இங்கே 2006-ல்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும். கொலை அதில் வராது. அதேபோல 6–6 முடிவும் முடியாது, ஏனென்றால் ஜூரியே இல்லை. 1959-ன் நானாவதி கொலை வழக்கில் ஜூரி 8-க்கு 1 என்று குற்றமில்லை எனச் சொன்னதை செஷன்ஸ் நீதிபதி ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே கொடுக்கவில்லை. இங்கே ஒரு நீதிபதி உட்கார்ந்து, ஏன் குற்றவாளி அல்லது ஏன் இல்லை என்று காரணம் எழுதியாக வேண்டும். பன்னிரண்டு பேர் மௌனமாகப் பிரிந்து போக முடியாது.

போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலமும் இங்கே செல்லாது. வெள்ளைக்காரன் காலத்து சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு அதை அடியோடு தடுத்தது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதுச் சட்டத்திலும் அந்தத் தடை தொடர்கிறது. அந்த விஷயத்தில் நாஸைவிட ஆதித்யாவுக்குப் பாதுகாப்பு அதிகம். ஆனால் ‘நான் காட்டுகிறேன்’ என்று சொல்லிப் பொருளை எடுத்துக்கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் நம் கொலை வழக்குகளில் கத்தியை மீட்டதற்கான பதிவான மகஜரும், அதில் கையெழுத்துப் போட்ட சாட்சி பிறழ் சாட்சி ஆனாரா என்பதும் அவ்வளவு முக்கியமாகின்றன. நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கில் சந்தர்ப்ப சாட்சியச் சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும், வேறு விளக்கத்துக்கு இடம் இருக்கக் கூடாது என்று 1984-ல் ஷரத் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாஸின் வழக்கை அந்த அளவுகோலில் வைத்தால் ஹாலே என்ற ஒருவர் இருப்பதே சங்கிலியை அறுக்கப் போதும். ஆனால் அந்தத் தீர்ப்பு வரும் நாள் வரை? இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமை. தாக்கல் ஆகிவிட்டால் கொலை வழக்கில் வாய்தா வாய்தாவாக உள்ளேதான் இருக்க வேண்டியிருக்கும். ரைக்கர்ஸைப் பார்த்து நாம் அதிர்ந்துபோக ஒன்றுமில்லை.

அதனால் நாஸ் குற்றவாளியா என்றால், சட்டப்படி இல்லை. வழக்கு அப்படி முடிந்தால் நியூயார்க் சட்டத்தில் அந்தப் பதிவேடுகளுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். வேலைக்கு விண்ணப்பித்தால் காட்ட வேண்டியதில்லை. நான் பார்த்தவரை இல்லை என்றும்தான் நினைக்கிறேன், ஹாலேதான். ஆனால் நாஸுக்கு அந்த உறுதியும் கிடையாது. அவனுக்கு இன்னும் நினைவு வரவில்லை. மறுபடி பார்ப்பதாக இருந்தால் ஆறாம் பகுதியிலிருந்து நாஸை விட்டுவிட்டு வைஸையும் பாக்ஸையும் மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அதற்கு அப்புறம் பிபிசியின் ஐந்து பகுதிகள்.